மேல்வீட்டுத் தரை, கீழ்வீட்டுக் கூரை



மதுரைப் பழங்காநத்தம் என்றதும் முந்தைய தலைமுறையினருக்குப் பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வரும். 1999-இல் மாட்டுத்தாவணி ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் திறக்கப்படும் வரை, தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் இங்கு வந்தே சென்றன. இன்று அப்பகுதியில் எங்கு நோக்கினும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்த நம்மவர் சிலர், பிள்ளைகள் பெருகி இடம் போதாமல், கடன் வாங்கியும் நகை விற்றும் இத்தகைய குடியிருப்புகளில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கின்றனர். மேலே ஓர் ஆசிரியர் குடும்பம், கீழே ஓர் ஓய்வு பெற்ற அலுவலர், எதிரே ஒரு கடைக்காரர் எனப் பல சமயத்தாரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் வாழ்க்கை இது.

பழைய தெரு வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே அண்டை வீட்டார் பக்கத்தில் இருந்தார். இங்கே அவர் நம் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருக்கிறார். ஏறத்தாழ ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒருவருக்குத் தரை, மற்றவருக்குக் கூரை. நாற்காலியை இழுப்பவருக்கு அது நாற்காலியை இழுப்பது. கீழே காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு அது இடி.

சண்டைகளின் பட்டியலை நீங்களே அறிவீர்கள். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து ஒழுகும் தண்ணீர், பின்னிரவு வரை முழங்கும் தொலைக்காட்சி, மாடியில் காயப்போட்ட துணியிலிருந்து சொட்டும் நீர், படிக்கட்டை அடைத்துக் கிடக்கும் செருப்புகள், பிறர் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டி. அற்பம் என்று தோன்றும். ஆனால் ஐந்து ஆண்டுகளாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அதே படிக்கட்டில் ஏறி இறங்கும் இரு குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், அது அற்பமா என்று.

அண்டை வீட்டாரைப் பற்றிய நபிமொழிகளை இங்கே நான் எடுத்து எழுதப் போவதில்லை. ஜும்ஆ மேடையிலும் மீலாது மேடையிலும் நாம் ஆண்டுதோறும் கேட்பவை அவை. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மேல்வீட்டாரைப் பற்றி அதே பழைய சொற்களில்தான் பேசுகிறோம். குறை நம் கேள்வியில் இல்லை. செயல்படுத்தும் வழி நமக்குத் தெரியவில்லை. அந்த வழியை நம் முன்னோர் மிக நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதே இம்மாதம் நான் சொல்ல வந்த செய்தி.

14-ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் இப்னுர் ராமி என்றொரு கட்டடக் கலைஞர் வாழ்ந்தார். வீடுகளைப் பற்றிய வழக்கு காஜியிடம் வந்தால், உண்மை நிலையைக் கண்டறிய அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். சுவரை அளந்து, சாளரத்தின் உயரத்தைப் பார்த்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று கண்டு, வந்து அறிவிப்பார். அந்த அனுபவங்களையும் மாலிக்கீ மார்க்க அறிஞர்களின் தீர்ப்புகளையும் சேர்த்து அவர் ஒரு நூலே எழுதி வைத்தார். கொத்தனார் ஒருவர் எழுதிய சட்ட நூல்! சுவர், சாளரம், வாசல், புகை, நாற்றம், அதிர்வு, மழைநீர் வடியும் வழி என்று இன்று நாம் சண்டையிடும் பொருள் ஏறத்தாழ எல்லாமே அதில் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. காஜி, 'இவர் நல்லவரா, அவர் தீயவரா' என்று விசாரிக்க ஆளை அனுப்பவில்லை. அளவுகோலோடு ஒரு கொத்தனாரை அனுப்பினார். அண்ணல் உமர் (ரலி) அவர்கள் காலத்துச் செய்தி ஒன்றையும் மாலிக்கீ நூல்கள் கூறுகின்றன. ஒருவர் தம் வீட்டில் சாளரம் திறக்க, பக்கத்து வீட்டார் முறையிட்டார். சாளரத்தின் கீழே ஒரு கட்டிலைப் போட்டு, அதன்மேல் ஒருவரை நிறுத்திப் பார்க்கும்படி கலீஃபாவின் கட்டளை வந்தது. நின்றவர் கண்ணுக்கு அடுத்த வீட்டின் உட்புறம் தெரிந்தால் சாளரம் அடைக்கப்பட வேண்டும், தெரியாவிட்டால் இருக்கலாம். எவ்வளவு எளிய சோதனை! சாளரம் வைத்தவரின் நோக்கத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை. கட்டிலின் உயரம் வழக்கைத் தீர்த்தது.

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பு இதையே விதிகளாக வகுத்தது. பெண்கள் புழங்கும் அடுக்களை, கிணற்றடி, முற்றம் ஆகியவை அடுத்த வீட்டுச் சாளரத்திலிருந்து தெரியுமானால் அது பொறுக்க இயலாத தீங்கு என்கிறது அதன் 1202-ஆம் விதி. ஆனால் தீர்வு என்ன தெரியுமா? வீட்டை இடிப்பதன்று, பார்வை படாதவாறு சுவரோ மரத்தட்டியோ எழுப்பினால் போதும். அதற்கு முந்தைய விதியோ, அடுத்த வீட்டுக்காரர் கட்டடம் எழுப்பியதால் காற்றும் காட்சியும் குறைந்தன என்பதைப் பெருந்தீங்காக ஏற்கவில்லை. ஒரே சாளரம் உள்ள அறை, எழுத்தைப் படிக்க முடியாத அளவு இருண்டுபோனால் மட்டுமே வழக்கு நிற்கும். மனத்தாங்கல் வேறு, தீங்கு வேறு. இரண்டையும் பிரிக்க ஒரு புத்தகத்தைத் திறந்து படித்துப் பார்க்கச் சொன்னார்கள்.

இதைப் பழங்காலக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இலண்டன் மாநகரில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடம் 2016-இல் தன் புதிய கட்டடத்தில் பார்வையாளர் மாடம் ஒன்றைத் திறந்தது. எதிரே கண்ணாடிச் சுவர்கள் கொண்ட அடுக்குமாடி வீடுகள். மாடத்தில் நின்றோர் அவ்வீடுகளின் உட்புறத்தைப் பார்க்கவும் படம் எடுக்கவும் தொடங்கினர். கீழ் நீதிமன்றங்களில் வீட்டுக்காரர்கள் தோற்றனர். திரை போட்டுக் கொள்ளலாமே என்றும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இறுதியில் 2023 பிப்ரவரி 1 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் வீட்டுக்காரர்கள் பக்கம் நின்று, இடைவிடாமல் உற்றுநோக்கப்படுவதும் குடியிருப்போருக்கு இழைக்கப்படும் தொல்லையே என்று தீர்ப்பளித்தனர். நம் காஜிகள் கட்டிலைப் போட்டுத் தீர்த்த வழக்கு அங்கே ஐந்து நீதிபதிகளில் இருவரின் மறுப்பையும் மீறித்தான் தீர்ந்தது.

ஒரு கட்டடத்தின் அடுக்களைச் சாளரமும் அடுத்த கட்டடத்தின் படுக்கையறைச் சாளரமும் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் எதிரெதிரே அமைவது நம் நகரங்களில் புதிதன்று. எதிர்வீட்டு இளைஞர் சாளரத்தருகே நின்றதற்காகக் குடும்பத்தோடு சண்டைக்குப் போகும் முன், தெளிவற்ற கண்ணாடி ஒன்று பொருத்தினால் தீருமா என்று பாருங்கள். தீரும் என்றால், அதன் செலவைப் பாதிப் பாதியாகப் பகிரலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஓசை. சச்சரவுகளில் மிகக் கடினமானது இதுதான். பார்வைக்குத் திரை போடலாம். காதுக்கு இமை இல்லை.

ஓசை இரு வழிகளில் வருகிறது. தொலைக்காட்சி, பேச்சு, பாட்டு ஆகியவை காற்று வழியாகச் சாளரம், கதவிடுக்கு இவற்றின் மூலம் நுழைகின்றன. அம்மியில் தட்டுவது, நாற்காலியை இழுப்பது, குழந்தைகள் குதிப்பது, தரையில் வைத்த கிரைண்டர் சுழல்வது ஆகியவை தளத்தையே அதிரச் செய்து, அந்த அதிர்வு கீழ்வீட்டில் ஓசையாக வெளிப்படுகிறது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் வீண் செலவு செய்கின்றனர். மேல்வீட்டுக் கிரைண்டர் ஓசைக்குக் கீழ்வீட்டார் சாளரத்தை மூடிப் பயனில்லை. மேல்வீட்டார் அதன் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டால் பெருமளவு அடங்கிவிடும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர்க் குப்பி பொருத்துவதும் அவ்வாறே. வெகு சில ரூபாய்களில் முடியும் காரியத்திற்கு ஆண்டுக்கணக்கில் பகை வளர்க்கிறோம்.

இலண்டனில் நடந்த வேறு இரண்டு வழக்குகளை இங்கே சொல்ல வேண்டும். முதலாவது 1879-இல் தீர்ந்தது. மிட்டாய்க்காரர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் சமையற்கட்டில் பெரிய உரல்களில் இடித்து வந்தார். பின்புறத்து வீட்டு மருத்துவர் தம் தோட்டக் கோடியில், அச்சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க அறை கட்டினார். உரல் ஓசையில் நோயாளியின் நெஞ்சொலி கேட்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார், வென்றார். முன்பே இருந்தவர் என்ற உரிமை மிட்டாய்க்காரருக்குக் கைகொடுக்கவில்லை. மஜல்லாவின் 1207-ஆம் விதியோ இதற்கு நேர் எதிர். கொல்லன் பட்டறைக்கு அருகே பிறகு வந்து வீடு கட்டியவர், பட்டறையை மூடு என்று கேட்க முடியாது. தீங்கைத் தவிர்க்கும் வழியை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும். எனக்கென்னவோ மஜல்லாவின் நியாயமே நியாயமாகப் படுகிறது. ஆயினும் அறிவுள்ளோர் இரு பக்கமும் நின்றிருக்கின்றனர் என்பதை, 'நான் முதலில் வந்தவன்' என்று முழங்குவோர் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. இலண்டனின் சதர்க் பகுதியில் நகராட்சிக்குச் சொந்தமான பழைய அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்தோர், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் குழந்தையின் அழுகையும் சமையல் ஓசையும் தங்கள் வீட்டிலேயே நிகழ்வது போல் கேட்கின்றன என்று முறையிட்டனர். அவர்கள் சொன்னதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. எனினும் 1999-இல் பிரபுக்கள் சபை அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அண்டை வீட்டார் செய்ததெல்லாம் வீட்டில் எல்லாரும் செய்வதே. குறை கட்டடத்தின் மெல்லிய சுவரில் இருந்தது. இயல்பான வாழ்க்கையின் ஓசையைத் தொல்லை என்று சட்டம் கருதாது என்றனர்.

சகோதரிகளே, இதைச் சற்று நேரம் எண்ணிப் பாருங்கள். மேல்வீட்டுக் குழந்தை ஓடுகிறது. ஓடாத குழந்தை உண்டா? நாளடைவில் அந்தக் காலடி ஓசை, 'என்னைத் துன்புறுத்துவதற்கென்றே ஓடவிடுகிறார்கள்' என்ற எண்ணமாக உருமாறுகிறது. அதன்பின் ஓசை மறைந்துவிடுகிறது. அவமதிப்பு மட்டுமே காதில் விழுகிறது. மெல்லிய தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற குறைக்காக இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று வெறுக்கின்றன.

இயல்பு கடந்த ஓசைக்கு அளவு இருக்கிறது. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இந்தப் பத்து டெசிபல் வேறுபாட்டைச் சிறிதென எண்ண வேண்டா. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது.

நம் தமிழகத்திலேயே எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஒன்று உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக் குடியிருப்போர் நலச்சங்கம், அருகிலிருந்த கிறிஸ்தவ ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியும் முரசும் தங்கள் அமைதியைக் கெடுப்பதாக முறையிட்டது. அந்தச் சாலையின் வண்டிகள் எழுப்பும் ஓசையே பெரிது என்றும், சிறுபான்மையினரின் வழிபாட்டு உரிமையில் தலையிடலாகாது என்றும் ஜெபக்கூடத்தார் வாதிட்டனர். 2000 ஆகஸ்டு 30 அன்று உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று கூறி அந்த வாதத்தை மறுத்தது. முதியோர், நோயாளிகள், படிக்கும் பிள்ளைகள், உறங்கும் குழந்தைகள் ஆகியோரை நீதிபதிகள் நினைவூட்டினர். ஆனால் ஜெபக்கூடத்தை மூடச் சொல்லவில்லை. ஓசை வரம்புக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வழிபாடு தொடரலாம்.

வழக்கில் இருந்தது ஜெபக்கூடம் என்பதால் தீர்ப்பு நம்மைச் சாராது என்று யாரும் எண்ணிவிட வேண்டா. கோயிலுக்கும் அது பொருந்தும், பள்ளிவாசலுக்கும் பொருந்தும், நம் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்தும்.

நம் வீடு என்றதும் ரமளான் மாதம் நினைவுக்கு வருகிறது. ஸஹர் நேரம் நமக்கு விழிப்பு; சகோதர சமயத்து அண்டை வீட்டாருக்கோ ஆழ்ந்த உறக்கம். அதிகாலை மூன்றரை மணிக்குத் துவையலுக்காக மிக்ஸியை இயக்குகிறோம். கைபேசியில் எழுப்பொலியை உச்சத்தில் வைக்கிறோம். பிள்ளைகளை ஒவ்வோர் அறையாகக் கூவி எழுப்புகிறோம். தராவீஹ் முடிந்து வரும் இளைஞர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று நள்ளிரவு வரை உரையாடுகின்றனர். முப்பது நாளும் இது தொடர்கிறது. அண்டை வீட்டார் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. நோன்புக் கஞ்சியை அன்போடு வாங்கிக்கொள்கிறார்கள். சமயத்தைக் குறை கூறுவதாகிவிடுமோ என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. அவர்களுடைய அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அது சரியா? அரைப்பவற்றை முன்னிரவே அரைத்து வைப்பதில் நோன்புக்கு என்ன குறை வந்துவிடும்?

ஹஜ்ஜுப் பெருநாளும் அப்படியே. குர்பானி கொடுப்பதற்குக் குடியிருப்பின் தூண்தளம் ஏற்ற இடமன்று. ஜமாஅத் ஏற்பாடு செய்யும் இடத்தில் அறுத்து, சுத்தம் செய்து, இறைச்சியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதே முறை. தோலும் குடலும் படிக்கட்டடியில் கிடப்பதை முகம் சுளிக்காமல் கடந்து செல்ல வேண்டும் என்று நாம் யாரையும் எதிர்பார்க்க இயலாது.

இனி, தண்ணீர். குளியலறை ஒழுக்கு, சண்டைகளில் பழைமையானது, ஆபத்திலும் பெரியது. ஒழுகும் நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு ஏறிய கம்பி பருக்கிறது. பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் கறை, பின்பு வெடிப்பு, பின்பு பூச்சு உதிர்தல், கடைசியில் கம்பி வெளியே தெரிதல். 'ஒழுகுவது அவர் வீட்டில்தானே' என்று மேல்வீட்டார் அலட்சியமாக இருப்பது, தாம் நிற்கும் தளத்தைத் தாமே அரிக்கவிடுவதாகும். அரிபட்ட கம்பி சுமந்துகொண்டிருப்பது அவருடைய பிள்ளைகளைத்தான்.

யார் வீட்டு நீர் என்று வாதாடுவதைவிடச் சோதித்துப் பார்ப்பது எளிது. யாரும் குளிக்காதபோதும் இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டினால், பெரும்பாலும் அது அழுத்தத்தோடு நீர் வரும் குழாயின் கசிவு. குளித்த பின்பு மட்டும் சொட்டினால், கழிவுநீர்க் குழாயோ, டைல்ஸ் இடுக்கோ, நீர் வடியும் வாயைச் சுற்றிய பூச்சோ காரணமாக இருக்கலாம். இரண்டு நாள் அக்குளியலறையைப் பயன்படுத்தாமல் உலரவிட்டு, பின்பு நீர் வடியும் வாயை அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் நீர் நிறுத்தி, ஒரு பகலும் ஓர் இரவும் கீழே கவனியுங்கள். கறை பரவினால் தரையில் குறை. பரவாவிட்டால் குழாயில் தேடலாம். மழைக்காலத்தில் மட்டும் தோன்றும் கறைக்கு மேல்வீட்டார் பொறுப்பே அல்லர்; வெளிச்சுவரின் வெடிப்பைப் பாருங்கள். இதற்கு நம்பத்தக்க கொத்தனார் ஒருவரும் குழாய் வேலைக்காரர் ஒருவரும் போதும். இரு வீட்டாரும் சேர்ந்து அழைத்த ஆளாக அவர் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒருவர் மட்டும் அழைத்து வந்தவர் சொல்வதை மற்றவர் நம்ப மாட்டார்.

பேச்சு எடுபடாதபோது என்ன செய்வது? முதலில் குடியிருப்போர் சங்கம். தமிழகத்தில் 1994-ஆம் ஆண்டின் அடுக்ககச் சொத்துரிமைச் சட்டத்திற்குப் பதிலாக 2022-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்துள்ளது. படிக்கட்டு, மொட்டை மாடி, கிணறு, தண்ணீர்த் தொட்டி முதலான பொது இடங்களில் எல்லா வீட்டு உரிமையாளர்க்கும் பிரிபடாத பங்கு உண்டு. மேல்தளத்தில் வசிப்பதனாலேயே மொட்டை மாடி தமக்கே உரியது என்று பூட்டு மாட்டுவோர் இதை அறிய வேண்டும்.

காவல் நிலையம் என்பது கடைசி வாசலாக இருக்கட்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத் தொல்லைக்கு வேறு தண்டனை குறிக்கப்படாதபோது விதிக்கப்படுவது ஆயிரம் ரூபாய் வரையிலான அபராதமே. அதுவும் பொதுமக்களுக்கு இழைக்கும் தொல்லைக்கு. ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாருக்குத் தரும் தொல்லை பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியது. அங்கே ஆண்டுகள் கழியும். அதற்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். வழக்குத் தொடுக்கும் முன்பே அவர்கள் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவர், மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், நீதிமன்றக் கட்டணம் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

எந்த உடன்பாடானாலும் எழுதிக்கொள்ளுங்கள். கிரைண்டர் எத்தனை மணிக்குள், குளியலறைத் தரையைச் சீர்செய்யும் செலவில் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று நான்கு வரி போதும். இருவரும் கையொப்பமிட்டு ஒரு படியைச் சங்கத்தின் பதிவேட்டில் ஒட்டி வைத்தால், நாளை ஒருவர் வீட்டை விற்றுச் சென்று புதியவர் குடிவந்தாலும், அவரிடம் முதலிலிருந்து சண்டையைத் தொடங்க வேண்டியிராது, பதிவேட்டைக் காட்டலாம்.